வாசகர் கேள்வி – பதில்: கோவா சவேரியாரும் கோட்டாற்றுச் சவேரியாரும்

புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிழாவை ஒட்டி வந்த கடிதங்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

2024 கடைசியில் கோவாவில் சவேரியார் உடலைக் கீழே இறக்கி மக்கள் பார்வைக்கு வைத்தபோது போக முடியாமல் போய்விட்டது. அடுத்தது எப்போது? இடையில் போனால் ஒன்றும் தெரியாதா?
— வாசகர், பாளையங்கோட்டை

பத்து வருடத்துக்கு ஒருமுறை என்பது இப்போதைய வழக்கம். 2004, 2014, 2024 என்று வந்திருக்கிறது. கடைசியாக 2024 நவம்பர் 21-ல் தொடங்கி 2025 ஜனவரி 5 வரை நடந்தது. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2034 கடைசியில் வர வேண்டும். அந்த நாட்களில் உடலை பொம் ஜேசு பசிலிக்காவிலிருந்து எதிரே இருக்கும் சே கதீட்ரலுக்குப் பவனியாக எடுத்துச் சென்று அங்கேதான் வைப்பார்கள். கடைசி நாளில் திரும்பக் கொண்டுவருவார்கள். நடுவில் இருப்பது ஒரு சாலையும் ஒரு திடலும்தான். வரிசை மட்டும் மிக நீளம்.

மற்ற நாட்களில் போனால் ஏமாற்றம் என்று சொல்ல மாட்டோம், ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பொம் ஜேசுவில் பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கச் சிற்றாலயத்தில் உயரமான பளிங்கு மேடை. அதன் மேல் 1630-களில் கோவாத் தட்டார்கள் செய்த வெள்ளிப் பேழை. அதற்குள் கண்ணாடிப் பேழை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளிச் சட்டங்களுக்கு நடுவே உருவம் மங்கலாகத்தான் தெரியும். சிறிய பைனாகுலர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

எல்லோரும் மேலே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதால் மேடையைத் தவறவிடுகிறார்கள். இத்தாலியின் தஸ்கனி நாட்டுப் பிரபு மூன்றாம் கோசிமோ அனுப்பியது அது. ஃபுளோரன்ஸ் சிற்பி ஃபோஜினி செய்து, துண்டு துண்டாகக் கப்பலில் வந்து, 1698-ல் இங்கே பொருத்தப்பட்டது. சவேரியார் தலைக்கு அடியில் இருந்த தலையணை பிரபுவுக்குப் போனது. அதற்கு நன்றியாக வந்ததுதான் இத்தனை பளிங்கும். நான்கு பக்கமும் அவர் வாழ்க்கையைச் சொல்லும் வெண்கலப் பலகைகள் உண்டு. அவற்றைப் பார்க்கப் பைனாகுலர் வேண்டாம்.

ரயிலில் போகிறவர்களுக்குக் கொங்கண் பாதையில் கர்மாலி நிலையம்தான் கோயிலுக்குப் பக்கம். எல்லா வண்டியும் அங்கே நிற்காது. மட்காவ்னில் இறங்கினால் முதலில் பனாஜிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பழைய கோவாவுக்கு இன்னொரு பஸ், சுமார் 10 கிலோமீட்டர். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டையோடு போனால் வாசலிலேயே தடுப்பார்கள்.

சவேரியார் உடல் அழியவே இல்லை என்கிறார்கள். சுண்ணாம்பில் புதைத்தால் உடல் கரைந்துவிடும் என்றுதானே படித்திருக்கிறோம்? அதையும் மீறி எப்படி?
— வாசகர், சென்னை

சுண்ணாம்பில் புதைத்தவர்களும் உங்களைப் போலத்தான் நினைத்தார்கள். 1552 டிசம்பர் 3-ம் தேதி சீனக் கரைக்கு அருகே சாங்சுவான் தீவில் சவேரியார் இறந்தார். கூட இருந்தவர் அந்தோனியோ என்ற சீன ஊழியர். மரப்பெட்டியில் உடலை வைத்து, உடலுக்கு அடியில் இரண்டு மூட்டையும் மேலே இரண்டு மூட்டையும் சுண்ணாம்பு கொட்டினார்கள். சதை சீக்கிரம் கரைந்தால் எலும்பை மட்டும் இந்தியாவுக்கு எடுத்துப் போகலாம் என்பது கணக்கு. இரண்டரை மாதம் கழித்து, 1553 பிப்ரவரியில், கப்பல் கிளம்பும்போது தோண்டிப் பார்த்தார்கள். சதை கரையவில்லை.

சுண்ணாம்பு உடலைத் தின்றுவிடும் என்பது ஊர் ஊராக இருக்கிற நம்பிக்கை. நடப்பது அநேகமாகத் தலைகீழ். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் காரத்தன்மையை ஏற்றி, அழுகலை உண்டாக்கும் கிருமிகளை மட்டுப்படுத்தும். பன்றி உடல்களைச் சுண்ணாம்போடு புதைத்துச் செய்த தடய அறிவியல் சோதனைகளிலும் சுண்ணாம்பு அழுகலைத் தாமதப்படுத்துவதுதான் தெரிந்தது. டிசம்பர், ஜனவரி அந்தத் தீவில் குளிர்காலம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதற்காக இது வெறும் சுண்ணாம்பு வேலை என்று முடித்துவிடவும் முடியாது. 1553 மார்ச்சில் உடல் மலாக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே மலைமேல் மாதா கோயிலில் பெட்டி இல்லாமல் நேரே மண்ணில் புதைத்தார்கள். குழி நீளம் போதாமல் கழுத்தை வளைத்து அழுத்தியதில் காயம் பட்டது. ஐந்து மாதம் அந்த வெப்பமண்டல ஈரமண்ணில் கிடந்து, ஆகஸ்டில் எடுத்தபோதும் உடல் உருக்குலையவில்லை என்று கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பக்தர்கள் அற்புதம் என்பது இந்தக் கட்டத்தைத்தான்.

'அழியவே இல்லை' என்பது மட்டும் இன்றைக்குப் பொருந்தாது. இப்போது இருப்பது உலர்ந்து சுருங்கிக் கறுத்த உடல். ஒரு கை இல்லை. உள்ளுறுப்புகள் எடுக்கப்பட்டவை. திருச்சபையும் இதைத் 'திருப்பண்டம்' என்றே அழைக்கிறது. நேரில் போகிறவர்கள் தூங்குகிற மனிதரைப் போன்ற முகத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. படங்களில் விற்கிற முகம் வேறு, பேழைக்குள் இருப்பது வேறு.

வலது கை எங்கே? விரலை ஒரு பெண் கடித்து எடுத்துவிட்டார் என்பது உண்மையா?
— வாசகர், மதுரை

விரல் கதை 1554 மார்ச்சைச் சேர்ந்தது. மலாக்காவிலிருந்து உடல் கோவா வந்து புனித பவுல் கல்லூரிக் கோயிலில் வைக்கப்பட்ட சில நாட்களில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. பாதத்தை முத்தமிடுவதுபோலக் குனிந்த ஒரு பெண் கால்விரல் ஒன்றைக் கடித்து எடுத்துக்கொண்டு போனதாக மரபு சொல்கிறது. திருப்பண்டத்தில் ஒரு துணுக்காவது வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை அந்தக் காலத்தில் எல்லாத் தட்டிலும் இருந்தது.

தலைமையும் அதையே செய்தது, முறைப்படி. இயேசு சபையின் தலைவர் அக்வாவிவாவின் உத்தரவில் 1614-ல் வலது முன்கையை முழங்கையோடு வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். இன்றும் ரோமில் உள்ள ஜேசு கோயிலில், சவேரியார் பீடத்தில் இருக்கிறது. ஆயிரமாயிரம் பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்த கை என்பதால் அதைத் தேர்ந்தார்கள். மேல்கை எலும்பு ஜப்பான் சபைக்கென்று கிளம்பியது. அங்கே கிறிஸ்தவர்களை வேட்டையாடிக்கொண்டிருந்த காலம் என்பதால் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரிலேயே தங்கிவிட்டது. ரோமில் உள்ள கை 1949-ல், அவர் ஜப்பானில் கால் வைத்த 400-ம் ஆண்டுக்கு, அந்த நாட்டைச் சுற்றியது. 2018-ல் கனடாவுக்குப் போனது.

இவ்வளவு நடந்த பிறகும் 1952 பொதுக்காட்சி வரை மக்கள் பாதத்தைத் தொட்டு முத்தமிட முடிந்தது. லட்சக்கணக்கான உதடுகளின் ஈரம், கையின் எண்ணெய்ப் பசை, கூட்டத்தின் மூச்சு எல்லாம் உலர்ந்த தோலுக்கு ஆகாதவை. அதன் பிறகு கண்ணாடிக்குள் வைத்துத்தான் காட்டுகிறார்கள். இன்றைய கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு சேதம் இருக்கிறது. வரிசையில் நின்று எரிச்சல்படுகிறவர்கள் அந்த விரலை நினைத்துக்கொள்ளலாம்.

கோவாவில் இருப்பது சவேரியாரே அல்ல, இலங்கை பௌத்தத் துறவி ஸ்ரீ ராகுல தேரரின் உடல் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். பதில் உண்டா?
— வாசகர், யாழ்ப்பாணம்

இந்தக் கூற்றுக்கு 16-ம் நூற்றாண்டு ஆவணம் எதுவும் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் சாங்சுவான், மலாக்கா, கோவா என்று மூன்று இடத்திலும் உடலைப் பார்த்தவர்களின் குறிப்பு இருக்கிறது. மரபணுச் சோதனை கேட்பவர்கள் இருக்கிறார்கள், சோதனை நடக்கவில்லை.

'இது அவர் உடலே இல்லை' என்ற பேச்சு புதிதும் இல்லை. 1759-ல் போர்ச்சுகல் அரசு இயேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விரட்டியபோது, போகிறபோது உடலையும் கொண்டுபோய்விட்டார்கள், பேழையில் இருப்பது வேறு யாரோ என்று கோவா முழுக்கப் பேச்சு. அதை அடக்கவே 1782 பிப்ரவரியில் மூன்று நாள் பேழையைத் திறந்து ஊருக்கே காட்டினார்கள். இன்றைய பொதுக்காட்சி வரிசைக்கு அதுதான் தொடக்கம். வதந்தியில் பிறந்த திருவிழா என்று சொன்னாலும் தப்பில்லை.

முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியுமா, அல்லது மொழிபெயர்ப்பாளரை வைத்தே காலம் தள்ளினாரா?
— வாசகர், தூத்துக்குடி

சரளமாகத் தெரியாது. தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளவும் இல்லை. 1542 அக்டோபரில் வந்தபோது கோவாக் கல்லூரியில் படித்த இந்தக் கரையோரத்துப் பிள்ளைகள் மூவர் கூட வந்தார்கள். இரு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளை என்று ஒவ்வொன்றாகத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருவில் நடப்பார். மணிச்சத்தத்துக்குப் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்கள் கற்றதை வீட்டில் போய்ச் சொல்வார்கள். வேலை நடந்தது பிள்ளைகளின் வாயால்.

மனப்பாடத்தில் ஒரு விபத்தும் நடந்தது. விசுவாசப் பிரமாணத்தின் முதல் சொல்லை 'எனக்கு வேணும்' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடம் அது. பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த பிதா எனக்கு வேணும் என்று கரை முழுக்கச் சனம் சொல்லிக்கொண்டிருந்தது. பிழை தெரிந்ததும் 1544-ல் உடன் ஊழியர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார்: 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று பொருள், இனி விசுவாசம் என்ற சொல்லையே சொல்லிக்கொடு என்று. போர்த்துக்கீசியக் கடிதத்துக்குள் நம் 'வேணும்' அப்படியே கிடக்கிறது. பேச்சுத்தமிழில் 470 வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சொல் மாறவில்லை.

அதே 1544 கோடையில் தெலுங்கு பேசும் வடுகர் படை கரையோரத்தைச் சூறையாடியது. மக்கள் குமரிமுனைக்கு அப்பால் கடற்பாறைகளில் ஏறிப் பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவோடு சவேரியார் கிளம்பினார். எதிர்க்காற்று எட்டு நாள் விடவில்லை. கடைசியில் கரைவழியே நடந்தே போனார். மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லும் கடலோரக் குகை இன்றும் இருக்கிறது. கோவாவில் அவர் தங்கிய நாட்களைக் கூட்டிப் பார்த்தால் நம் கரையில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் வரும்.

கோட்டாற்றிலும் கோவாவிலும் ஒரே நாளில் திருவிழா தொடங்குவது ஏன்? தேரில் உப்பும் மிளகும் போடுவதற்கு என்ன அர்த்தம்?
— வாசகர், நாகர்கோவில்

முதல் கேள்விக்கு விரல்விட்டு எண்ணினால் போதும். திருநாள் டிசம்பர் 3, அவர் இறந்த நாள். அதற்கு முன் நவநாள் ஒன்பது. நவம்பர் 24 முதல் டிசம்பர் 2 வரை சரியாக ஒன்பது. கோட்டாற்றில் அதையே கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் திருவிழா என்று எண்ணுகிறோம். தேர்ப்பவனி கடைசி மூன்று நாட்களில். 3-ம் தேதி குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பதால் அன்றைக்கு நாகர்கோவில் வழியாகப் போகிறவர்கள் கோட்டாற்றுச் சாலையைத் தவிர்ப்பது புத்தி.

உப்புக்கும் மிளகுக்கும் திருச்சபை ஏட்டில் விளக்கம் தேடினால் கிடைக்காது. உப்பு கரைவதுபோல நோய் கரையட்டும் என்று நேர்ந்துகொள்வது தமிழ்நாட்டுக் கோயில்களில் சாமி பேதமில்லாமல் இருக்கிற பழக்கம். மருவுக்கும் தோல் நோய்க்கும் உப்பு, நல்லமிளகு. மாரியம்மன் கோயிலில் கொட்டுகிற அதே உப்புத்தான் சவேரியார் தேரிலும் விழுகிறது. போடுகிறவர்களுக்கு ஒரு சொல்: தூள் உப்பு வேண்டாம், கல் உப்பு வாங்குங்கள். மிளகை முழுசாகப் போடுங்கள், பொடித்து அல்ல. வீசாமல் தேர் நிற்கும்போது மேடையில் வையுங்கள். வடம் இழுக்கிறவர் கண்ணில் போனால் அவருக்கு வேறு நேர்ச்சை செய்ய வேண்டிவரும்.

தேருக்குப் பின்னால் தரையில் விழுந்து உருண்டு வரும் கும்பிடு நமஸ்காரமும் இதே மரபின் தொடர்ச்சிதான். முட்டியிலும் முழங்கையிலும் ஈரத்துணி சுற்றிக்கொள்வது நல்லது. கோவாவில் இதற்கு நிகர், மெழுகில் வார்த்த கை, கால், தலை, வீடு. எது நோகிறதோ அதை வாங்கிக் காணிக்கை வைக்கிறார்கள்.

சிலுவையைப் பிடித்துக்கொண்டு தனியாளாக வடுகர் படையைச் சவேரியார் கோட்டாற்றில் நிறுத்தினார் என்ற கதையையும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஊரின் நினைவில் அது ஆழமாகப் பதிந்திருக்கிறது. எழுத்தில் விரிவாக வருவது பின்னாளில்தான். அதே கோயிலுக்குள், பீடத்துக்கு முன்னால், 1752-ல் ஆரல்வாய்மொழி மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் அடக்கமாகியிருக்கிறார் என்பது ஆவணமுள்ள செய்தி. 2022 மே 15-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு அந்தக் கல்லறைக்கும் தனிக்கூட்டம் வருகிறது.

கோவாவில் நடந்த மதவிசாரணைக் கொடுமைக்குச் சவேரியார்தான் காரணம் என்கிறார்களே, இதை எழுதுவீர்களா?
— வாசகர், கோயம்புத்தூர்

எழுதலாம், மறைக்க ஒன்றுமில்லை. 1546-ல் அம்போன் தீவிலிருந்து போர்ச்சுகல் அரசருக்கு எழுதிய கடிதத்தில் மதவிசாரணை மன்றத்தை, அதாவது விசுவாசம் தவறியதாகக் கருதியவர்களை விசாரித்துத் தண்டிக்கும் திருச்சபை நீதிமன்றத்தை, கோவாவுக்கு அனுப்பும்படி அவரே கேட்டிருக்கிறார். மன்றம் நிறுவப்பட்டது 1560-ல், அவர் இறந்து எட்டு வருடம் கழித்து. அதன் வழக்குகளை அவர் நடத்தவில்லை. கேட்டது அவர்தான் என்பதும் நிற்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

கோவாவின் பாதுகாவலர் சவேரியார்தானே? வேறு ஒருவர் பெயரும் கேள்விப்பட்டேன்.
— வாசகர், புதுச்சேரி

கேள்விப்பட்டது சரி. கோவா உயர்மறைமாவட்டத்துக்கு 2000-ல் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர் ஜோசப் வாஸ். கோவா மண்ணில் 1651-ல் பிறந்து, 1687-ல் இலங்கைக்குப் போய், தமிழும் சிங்களமும் கற்று, 1711-ல் கண்டியில் இறந்தவர். 2015 ஜனவரியில் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கும் முன்னால் பார்த்தால் புனித கத்தரீனாள். 1510 நவம்பர் 25-ல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் கோவாவைப் பிடித்த நாள் அவர் திருநாள் என்பதால் சே கதீட்ரல் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் கொங்கணியில் 'கோயஞ்சோ சாயிப்' என்றால், அதாவது கோவாவின் எஜமான் என்றால், அது சவேரியார் ஒருவர்தான். இந்துக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் 1683-ன் ஒரு இரவு இருக்கிறது. சம்பாஜியின் மராத்தியப் படை பழைய கோவாவுக்கு எதிர்க்கரைத் தீவுவரை வந்துவிட்டது. காக்க ஆள் இல்லை. வைஸ்ராய் அல்வோர் பிரபு பேழையைத் திறக்கவைத்து, தன் ஆட்சிக்கோலையும் அரச ஆணையையும் சவேரியார் கையருகே வைத்து, இனி ஊர் உங்கள் பொறுப்பு என்று மன்றாடினார். சில வாரங்களில் மராத்தியர் விலகினார்கள். பின்பக்கம் மொகலாயப் படை நெருங்கியதே விலகியதற்குக் காரணம் என்று வரலாறு சொல்கிறது. மொகலாயரை யார் அனுப்பியது என்று கோவாக்காரர் கேட்பார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அதன் பின் புதிய ஆளுநர்கள் பதவி ஏற்கும்போது சவேரியார் கல்லறையிலிருந்து கோலை எடுத்துக்கொள்ளும் சடங்கு நிலைத்தது.

மற்றக் கோவாக் கோயில்கள் எல்லாம் வெள்ளையாக இருக்க, பொம் ஜேசு மட்டும் செங்கல் நிறத்தில் பூச்சு இல்லாமல் நிற்பது ஏன்? பழமை தெரியட்டும் என்றா?
— வாசகர், திருச்சி

பழமையாகத் தெரியட்டும் என்றுதான் செய்தார்கள், அதில்தான் வினை வந்தது. 1605-ல் கட்டி முடித்தபோது அதற்கும் சுண்ணாம்புப் பூச்சு உண்டு. 1950-களில் போர்த்துக்கீசிய அரசின் சீரமைப்பில் பூச்சை உரித்துவிட்டார்கள். உள்ளே இருப்பது செம்பூரான் கல். வெட்டும்போது மெத்தென்று இருந்து காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை. கோவாவின் பருவமழை வருடத்துக்கு நாலு மாதம் அடிக்கிறது. துளைகளில் நீர் ஏறி, உள்ளிருக்கும் களிமண்ணைக் கரைத்து, மேல்பரப்பு பொடியாக உதிர்கிறது. பூச்சு இருந்தவரை மழை அதில் பட்டது. பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். இப்போது கல்லே தேய்கிறது.

மறுபடி பூச வேண்டும் என்று கோயில் தரப்பு கேட்டிருக்கிறது. 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதால் தொல்லியல் துறையைக் கேட்காமல் ஒரு கரண்டி சுண்ணாம்பு வைக்க முடியாது. எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சிவப்பையே பார்த்து வளர்ந்தவர்கள். வெள்ளை பூசினால் எங்கள் கோயில்போலவே இருக்காது என்கிறார்கள். பூசுவதானாலும் சிமென்ட் கூடாது. சிமென்ட் உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடாது, கல் இன்னும் வேகமாக உதிரும். பழைய சுண்ணாம்புக் காரைதான் வேண்டும். மழைக்காலத்தில் போகிறவர்கள் மேற்குச் சுவரின் அடிவாரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிவப்புப் பொடி படிந்து கிடக்கும்.